சோறு மிச்சம், தட்டு காலி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. போனில் வந்தது.

வாரப் பத்திரிகை ஆசிரியர் பசுமைச் சிறப்பிதழ் போடுகிறாராம். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு மக்கும் தட்டுக்கு மாறவேண்டும் என்று சொல்கிற மாதிரி ஒரு கதை வேண்டும் என்றார். "பிரசாரம் மாதிரி இருக்கக்கூடாதும்மா. ஆனா படிச்சு முடிச்சதும் மாறிடணும்." சரி என்றேன். வாராவாரம் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவள் வேறென்ன சொல்வாள்? கொலையா, சரி. காதலா, சரி. தட்டா, அதுவும் சரி.

தவிர, இந்தக் கதைக்காக நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. என் அக்காவும் அத்தானும் அலுவலகங்கள் நெருக்கியடித்து நிற்கிற ஒரு தெருவில் மதியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். மக்கும் தட்டுக்கு மாறியவர்கள். மாறிய பிறகு என்ன ஆயிற்று என்றால், போன வாரம் அக்கா அடுப்பை அணைத்தாள். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். இனிமேல் சமைக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

அவள் சமைக்காவிட்டால் கடை நின்றுவிடும் என்று நினைப்பீர்கள். நிற்கவில்லை. அதுதான் அவளுடைய கஷ்டமே.

2

ஆரம்பங்கள்.

நீலக் கடல் அழுதது. அதன் வயிற்றுக்குள் ஒரு பிளாஸ்டிக் கரண்டி மெல்ல

(இந்த இடத்தில் அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தாள். "நம்ம தெருவுல கடல் எங்கடி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்கு மேல் கடலால் அழ முடியவில்லை.)

பல நூறு ஆண்டுகள் கழித்து மண்ணைத் தோண்டிய ஆராய்ச்சியாளர், உடையாமல் கிடந்த ஒரு டப்பாவை எடுத்து, அதன் மூடியைத் திறந்து

(திறந்தால் உள்ளே என்ன இருக்கவேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

அரைகுறை வாக்கியங்களை நான் அடித்துவிடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பசுமைச் சிறப்பிதழ் அல்லவா. கிடக்கட்டும். மக்கினால் பின்னால் வருகிற வாக்கியங்களுக்கு உரமாகும்.

மூன்றாவது ஆரம்பம்தான் உண்மையானது. ஆசிரியர் வெட்டிவிடுவார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அத்தானுக்குப் பாத்திரம் கழுவப் பிடிக்காது.

கடை தொடங்கியபோது பேசிக்கொண்ட ஏற்பாடு, அக்கா சமைப்பாள், அத்தான் கழுவுவார் என்பது. அப்போது பீங்கான் தட்டுகள். வெள்ளையில் நீலக் கரை போட்டவை. அக்கா கடைகடையாக ஏறி இறங்கிப் பொறுக்கியது. அத்தான் கழுவவும் செய்தார், கொஞ்ச நாள். பிறகு மழை பெய்கிற நாட்களில் மட்டும் என்று சொல்லித் தெர்மோகோல் தட்டு வந்தது. பிறகு கூட்டமான நாட்களில். பிறகு கூட்டம் வரக்கூடும் என்று அவருக்குத் தோன்றுகிற நாட்களில். அவருக்குத் தினமும் தோன்றியது. பீங்கான் தட்டுகள் பரணுக்குப் போயின. அதைப் பற்றி அக்கா அப்போது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று அத்தான் இன்றும் சொல்கிறார். சொன்னேன், குழாய்ச் சத்தத்தில் கேட்டிருக்காது என்கிறாள் அக்கா. குழாய் எங்கே திறந்திருந்தது என்பது என் கேள்வி.

அப்புறம் நகரசபை தெர்மோகோலைத் தடை செய்தது. எல்லோரும் பூமியைக் காப்பாற்ற மாறினார்கள். அத்தான் தன் கைகளைக் காப்பாற்ற மாறினார். காரணம் எதுவானால் என்ன, பூமிக்கு நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு மேலே எழுதினேன்.

3

இங்கே ஒரு கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம்.

தட்டுக்காரர். அதாவது, மக்கும் தட்டுகளின் விற்பனைப் பிரதிநிதி. முதல் வரைவில் அவருக்கு ஒரு தங்கப் பல்லும் மூக்கைத் துளைக்கிற சென்ட்டும் கொடுத்திருந்தேன். தொடர்கதை வாசகர்களுக்கு ஒரு வில்லன் வேண்டும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "பாவம்டி, நல்ல மனுஷன். அன்னைக்கு அவருக்கு ஜலதோஷம் வேற" என்றாள். தங்கப் பல்லைப் பிடுங்கிவிட்டு ஜலதோஷம் வைத்திருக்கிறேன்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மேசையில் சரக்கைப் பரப்பினார். கரும்புச் சக்கையில் செய்த தட்டு. சோளமாவில் செய்த கரண்டி. கோதுமைத் தவிட்டை அழுத்திச் செய்த தட்டு. வில்லனாக இருக்கவேண்டியவர், உண்மையாகவே பேசினார். சோளக் கரண்டி மக்கும்தான், ஆனால் சும்மா மண்ணில் போட்டால் மக்காது, அதற்கென்று சூடேற்றி வைத்திருக்கிற உரக்கிடங்கு வேண்டும், இந்த ஊரில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார்.

அத்தான் விசாரிக்கவில்லை. நம்பவும் இல்லை. ஒரு கரண்டியை எடுத்துக் கடை வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் புதைத்தார். தினமும் தண்ணீர் ஊற்றினார். அவ்வப்போது தோண்டி எடுத்துப் பார்த்து, துடைத்து, மறுபடி புதைத்தார். இப்படித் தோண்டித் தோண்டி வேர் அறுந்து குரோட்டன்ஸ் செத்துப்போனது. கரண்டி முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது. அத்தான் அதற்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கிறார். மண்ணில் அழியாத கரண்டி, சூடான சூப்பில் விட்ட உடனே மட்டும் துவண்டு தலையைத் தொங்கவிட்டுக்கொண்டது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்திலேயே அப்படி ஆட்கள் உண்டு.

தட்டுக்காரர் கிளம்பும்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். தவிட்டுத் தட்டைத் தட்டிக் காட்டி, "பசிச்சா இதைச் சாப்பிடக்கூடச் செய்யலாம்ங்க."

விற்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற வசனம்தான். கேட்கிறவர்கள் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஆனால் அவர் சொன்னது என் அக்காவிடம்.

4

என் அக்காவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவள் அடுக்களைக்குள் ருசி பார்க்கப்படாமல் எதுவும் நுழைய முடியாது. அரிசியை வாயில் போட்டு மெல்லுவாள். உப்பு உப்பாக இருக்கிறதா என்று பார்ப்பாள். புதிதாகத் தண்ணீர் கேன் வந்தால் ஒரு மடக்கு.

தவிட்டுத் தட்டின் ஓரத்தை உடைத்து வாயில் போட்டாள். மென்றாள். முகம் போன போக்கைப் பார்த்துத் தட்டுக்காரர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

"சப்புனு இருக்கே" என்றாள்.

"தட்டு அப்படித்தாங்க இருக்கும்."

"என் கடையிலேர்ந்து வெளிய போற எதுவும் சப்புனு இருக்கக்கூடாது."

எல்லாக் குழப்பமும் தொடங்கிய தவறு இதுதான். வேறு யாரும் இதைச் செய்திருக்கமாட்டார்கள். ஒரு பொறியாளர் தட்டின் கனத்தைப் பார்த்திருப்பார். ஒரு வியாபாரி விலையைக் கேட்டிருப்பார். என் அக்கா அதில் உப்புக் குறைகிறது என்று கண்டுபிடித்தாள்.

தட்டுக்காரரின் கிடங்கில் சும்மா கிடந்த, தட்டு அழுத்துகிற பழைய அச்சு இயந்திரம் ஒன்றை வரவழைத்தார்கள். தவிட்டையும் தண்ணீரையும் பிசைந்து சூட்டில் அழுத்தினால் தட்டு. அக்கா தவிட்டோடு உப்பு, மிளகு, வறுத்த பூண்டு, கொஞ்சம் எள் சேர்த்தாள். விளிம்பு பொன்னிறமாகும்வரை அச்சை விடாமல் பிடிக்கச் சொல்லி அத்தானிடம் கொடுத்தாள்.

முதல் தட்டு வெளியே வந்தபோது நான் அங்கே இருந்தேன். அதில் எனக்குச் சாப்பாடு போட வந்தார்கள். அதற்குள் தட்டைக் காணோம். என் வாயோரத்தில் எள் ஒட்டியிருந்தது.

[வாசகருக்கு ஒரு குறிப்பு: "இதெல்லாம் நம்புகிற மாதிரி இல்லையே" என்று இந்த இடத்தில் தோன்றினால், சரியான இடத்தில்தான் தோன்றியிருக்கிறது. இனிமேல் இன்னும் மோசமாகும்.]

5

மேல்மாடி இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஒருவர் இருக்கிறார். டீ குடித்தாலும் ரசீது கேட்பார். அதனால் கடையில் அவருக்கு 'ரசீது' என்றே பெயர். அன்றைக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டு, பல் குத்துகிறவர் மாதிரி யோசனையாகத் தட்டின் விளிம்பைக் கடித்தார். நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு முழுத் தட்டையும் சாப்பிட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ரசீது கேட்காமல் போனார்.

மறுநாள் அவர் மேசை முழுக்கத் தட்டைச் சாப்பிட்டது. அடுத்த சில நாட்களில் சாப்பாடு முடிகிறவரை காத்திருக்கவும் யாருக்கும் பொறுமை இல்லை. விளிம்பிலிருந்து ஆரம்பித்தார்கள். சோறு நடுவில் தீவாக நின்று, பிறகு மேசையில் இறங்கியது. மேசை நாசமாகிறதே என்று அத்தான் முணுமுணுத்ததும், நாகரிகம் தெரிந்தவர்கள் எழுந்துபோய்ச் சோற்றைக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்து தட்டைச் சாப்பிட்டார்கள்.

ஒருநாள் ரசீது கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று சொன்னார்: "ஒரு தட்டு. சாப்பாடு வேணாம்."

அத்தான் அச்சிலிருந்து ஒரு தட்டை எடுத்துவிட்டு, "எதுல வைக்கட்டும்?" என்று கேட்டார். தட்டு சூடாக இருந்தது. வெறும் கையில் கொடுக்க முடியாது. கரும்புச் சக்கைத் தட்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் தவிட்டுத் தட்டை வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

குப்பை லாரிக்காரர் வந்து, முன்னெல்லாம் உங்கள் கடையிலிருந்து தட்டாக வரும், இப்போது சோறாகவே வருகிறதே, கடையில் ஏதாவது சண்டையா என்று விசாரித்துவிட்டுப் போனார். நகரசபையிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்தார். குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக் தேடினார், இல்லை. தெர்மோகோல் தேடினார், இல்லை. தட்டுகளைச் சோற்றுக்குள் கைவிட்டுத் தேடினார், அடியில் வைத்துக் கொடுத்த கரும்புத் தட்டு சில தவிர இல்லை. சோற்றைத் தேட அவருக்கு உத்தரவு இல்லை. கழிவில்லாத கடை என்று ஒரு கேடயம் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையைக் கழுவி உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டார்.

அந்தக் கேடயத்தைச் சுவரில் மாட்டும்போதுதான் அக்கா அடுக்களை வாசலில் நிற்பதைப் பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது குப்பைத்தொட்டியை.

அதில் கிடந்தது அவளுடைய சுட்ட கத்தரிக்காய். நேர் நெருப்பில் வைத்து, இடுக்கிகூட இல்லாமல் விரலால் புரட்டிப் புரட்டிச் சுட்டு, தோலை உரித்து, மசித்து, எலுமிச்சை பிழிந்து சோற்றோடு வைப்பாள். இந்தக் கடை வந்ததே அதற்காகத்தான். மூன்றாவது மேசைக்காரருக்குக் காரம் ஆகாது, வங்கிப் பெண்ணுக்கு எலுமிச்சை கூட வேண்டும் என்று ஒவ்வொருவர் நாக்கும் அவளுக்குத் தெரியும். அவர்களெல்லாம் இப்போது போகிற போக்கில், "அக்கா, இன்னைக்குத் தட்டு ரொம்ப நல்லாருந்தது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

"திட்டினாக்கூடப் பரவாயில்லடி" என்றாள் என்னிடம். "நல்லால்லைன்னு சொன்னா நாளைக்குத் திருத்திக்கலாம். யாரும் வாயில வச்சே பார்க்கல."

ஏப்ரன் ஆணிக்குப் போனது அன்றைக்குத்தான். அத்தான் அவள் சொன்ன அளவில் தவிட்டைப் பிசைந்து தட்டு அடித்துக்கொண்டிருந்தார். கடை முன்னைவிட நன்றாக நடந்தது.

6

நடுவில் ஆசிரியர் போன். பசுமை ஜெயித்துவிட்டதா என்றார். எது பசுமை என்று கேட்டேன். தட்டு மிச்சமாகவில்லை, ஆனால் சோறு குப்பையானது. கத்தரிக்காய் விளைய மண்ணும் தண்ணீரும் போயிருக்கிறது, சுட எரிவாயு போயிருக்கிறது, அதையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவது என்றேன். "அதையெல்லாம் வாசகர் கேக்க மாட்டாங்கம்மா" என்றார்.

நீங்கள் கேட்டீர்களா இல்லையா? கேட்டிருந்தால் ஆசிரியருக்கு ஒரு தபால் அட்டை எழுதிப் போடுங்கள்.

இதற்குள் கதையில் ஒரு புது ஆள் வந்துவிட்டார். தெருக்கோடியில் இருக்கிற பெரிய கம்பெனியின் கேன்டீன் மேலாளர். கண்டிப்பான அம்மாள். எத்தனை மாடி உண்டோ அத்தனை மாடிக்கும் தினமும் தட்டு வேண்டுமாம். தட்டு மட்டும். சாப்பாடு வேண்டாம். இன்று மதியம் வந்து ருசி பார்த்துவிட்டுப் பதிலை வாங்கிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

அத்தானுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சமைக்க வேண்டாம், கழுவ வேண்டாம், எல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். உலகத்திலேயே குழாய் தேவைப்படாத முதல் கடை என்று பலகை எழுதப்போவதாகச் சொன்னார். அக்கா கையெழுத்துப் போட்டால் போதும். அவள் அளவு இல்லாமல் தட்டு வராது.

"போட்டுடறேன்" என்றாள் அக்கா. அவள் அவ்வளவு லேசாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போட்டுவிட்டால் அந்த அடுப்பு மறுபடி எரியாது.

ஆனால் நான் வந்திருக்கிறேன் என்று, எனக்காக மட்டும், கொஞ்சம் சோறு வடித்து, ஒரு கத்தரிக்காயை நெருப்பில் வைத்தாள். ஏப்ரன் போடாமல்.

7

மேலாளர் இரண்டு உதவியாளர்களோடு வந்து உட்கார்ந்தார். அத்தான் தவிட்டுத் தட்டுகளைக் கரும்புத் தட்டுகள்மேல் வைத்துக் கொண்டுவந்தார்.

மேலாளர் கரும்புத் தட்டை விரலால் தொட்டார். இது என்ன ஆகும் என்றார். தூக்கிப் போட்டுவிடலாம் என்றார் அத்தான். ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற எதையும் தங்கள் கம்பெனி இனி வாங்காது என்றார் மேலாளர்.

அத்தான் அசரவில்லை. கரும்புத் தட்டை எடுத்துவிட்டு, தவிட்டுத் தட்டுக்குக் கீழே இன்னொரு தவிட்டுத் தட்டை வைத்தார். அதையும் சாப்பிடலாம்.

"அதை எதுல வைப்பீங்க?" என்று உதவியாளர்களில் ஒருவர் கேட்டார்.

அத்தான் அதற்குக் கீழே இன்னொன்று வைத்தார். அதற்கும் கீழே ஒன்று. அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. மேலாளரின் முகவாய்வரை வந்ததும் அத்தான் நிறுத்திவிட்டு, ஆழமான கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவர்போல மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அக்கா ஏணியை எடுத்துவந்தாள். பரணில் ஏறி ஒரு பெட்டியை இறக்கினாள். காகிதம் சுற்றி வைத்த பீங்கான் தட்டுகள். சுற்றியிருந்தவை என் தொடர்கதையின் பக்கங்கள். கதாநாயகி கிணற்றில் குதிக்கிற அத்தியாயம். தட்டுகளை உடையாமல் காப்பாற்றியிருக்கிறது; அந்த அத்தியாயத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

தட்டைத் துடைத்து மேலாளர் முன்னால் வைத்தாள். அதன்மேல் தவிட்டுத் தட்டை வைத்தாள். வைத்தவள் கொஞ்சம் நின்றாள். மறுபடி எடுத்து, பட்டென்று நாலாக உடைத்து, ஓரமாகச் சாய்த்து வைத்தாள். நடுவில் சோற்றைப் போட்டாள். பக்கத்தில் சுட்ட கத்தரிக்காய்.

அது எனக்காகச் சுட்டது.

மேலாளர் உடைந்த துண்டு ஒன்றை எடுத்துக் கத்தரிக்காயை அள்ளி வாயில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். இன்னொரு வாய். உதவியாளர்கள் பக்கம் திரும்பவே இல்லை. துண்டு தீர்ந்ததும் விரலால் வழித்தார். நீலக் கரை தெரிந்தது.

"இது என்னம்மா?" என்று கேட்டார்.

"சாப்பாடு" என்றாள் அக்கா.

8

மேலாளர் தான் கேட்டதை மாற்றிவிட்டார். தட்டு வேண்டாம், அதாவது தட்டு துண்டாக வரட்டும், சாப்பாட்டோடு வரட்டும், பீங்கானில் வரட்டும். கம்பெனியே பீங்கான் வாங்கித் தரும். ஒரு நிபந்தனைதான்: சாப்பிட்ட தட்டு இந்தக் கடைக்கே திரும்பி வரும். அது முடியாதென்றால் முதலில் பேசியபடி தவிட்டுத் தட்டு மட்டும் போதும், அடியில் வைக்கிற பீங்கானை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அத்தான் வாசலில் இருந்த செத்துப்போன குரோட்டன்ஸைப் பார்த்தார்.

முடிவுகள்.

ஆசிரியருக்குப் பிடித்தது: அத்தான் புன்னகையோடு சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிற தொட்டியை நோக்கி நடந்தார். சோப்பு நுரையில் மாலை வெயில் பட்டு ஏழு நிறமும்

(அக்கா இதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.)

அத்தானுக்குப் பிடித்தது: குரோட்டன்ஸ் தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு கரண்டி துளிர்த்தது. முதலில் ஒரு முள்கரண்டி. பிறகு சின்னச் சின்ன டீஸ்பூன்கள். கழுவத் தேவையில்லாத

(இதை நானே நிறுத்தினேன்.)

மூன்றாவது முடிவுக்காக அக்காவிடமே போனேன். இப்போது, நான் இதை எழுதுகிற இந்த நேரத்தில், கடையில் இருக்கிற நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மேலாளர் டீ குடித்துக்கொண்டு பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறார். சாப்பிட்ட தட்டுகள் கழுவுகிற தொட்டியில் கிடக்கின்றன. அத்தான் தொட்டிக்கு முன்னால், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். அக்கா ஆணியிலிருந்து ஏப்ரனை எடுத்துவிட்டாள். கட்டவில்லை. கையிலேயே வைத்திருக்கிறாள். குழாய் திறந்தால் கட்டுவாள். திறக்காவிட்டால் தட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏப்ரனைப் பரணில் போட்டுவிடுவாள்.

அத்தான் குழாயைத் திறந்தார் என்று ஒரு வரி எழுதிவிடுகிறேனே, படித்தால் செய்துவிடுவார் என்றேன்.

"எழுதாத" என்றாள் அக்கா. "நீ எழுதினா, எழுதிட்டாளேன்னு செய்வாரு. எனக்கு அது வேணாம்."

திறக்கவில்லை என்று எழுதினாலும் இதே சங்கடம். எழுதிவிட்டாளே என்று திறக்காமல் இருந்துவிடுவார். அதனால் இரண்டையும் எழுதவில்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் இந்த மேசையில் உட்கார்ந்து ஒரு கதையைச் சாப்பிட்டு முடித்திருக்கிறீர்கள். உங்கள் முன்னாலும் ஒரு தட்டு இருக்கிறது. பீங்கான், கடித்துப் பிரயோஜனமில்லை. எழுந்து அதை எடுத்துக்கொண்டு போனால், அத்தானுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்க இடம் இருக்கிறது. அவர் திரும்பிப் பார்ப்பார். அதற்கப்புறம் அவர் கை எங்கே போகும் என்று அங்கே நிற்கிறவருக்குத்தான் தெரியும். நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து அவர் முதுகு மட்டும்தான் தெரிகிறது. கட்டியிருந்த கைகளில் ஒன்று இப்போது மெல்லப் பிரிந்து